தட்டுப்படாத முத்திரை

என் பெயர் லூயிசா. தேனாம்பேட்டையில், அண்ணா சாலையைப் பார்த்த ஒரு மூன்றாம் மாடி ஆபீசில் இன்ஸ்பெக்ஷன் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது "இன்னா வேலை பண்றீங்க?" என்று கேட்டால், "இரும்புக்கு ஜாதகம் பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் விளக்கினால் கொட்டாவி விடுகிறார்கள், நமக்கும் கோபம் வருகிறது. ஆனால் சொன்னது பொய்யில்லை. எஃகு பிறக்கும்போதே ஆலையில் அதற்கு ஒரு சர்டிபிகேட் எழுதிவிடுகிறார்கள். எந்த உலை, உடம்பில் கரி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, இழுத்தால் எவ்வளவு தாங்கும், எவ்வளவு கடினம், எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காகிதமும் எதிரில் கிடக்கும் இரும்பும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். காகிதத்தில் உள்ள எண் இரும்பின் மேலும் இருந்தால், பக்கத்தில் என் முத்திரையை அடிப்பேன். ஒரு சின்ன வட்டம், உள்ளே ஆங்கில 'எல்', அதை ஒட்டி என் எண், ஒன்பது.

இதில் 'சோர் சர்வீஸ்' என்று ஒரு ரகம் உண்டு. பூமிக்கு அடியிலிருந்து வரும் சில எரிவாயுவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷம் கலந்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுவார். அந்த வாயு ஓடும் குழாய்க்கு எந்த இரும்பு ஆகும், எது ஆகாது என்பதுதான் பெரிய கேள்வி. கடினமானது பலமானது என்றுதானே நினைப்போம்? அங்கே கதை தலைகீழ். ஈரத்தோடு சேர்ந்த அந்த வாயு, ஹைட்ரஜனை இரும்புக்குள்ளேயே அனுப்பிவிடும். அது சுவருக்குள் மெல்ல நடந்துபோய், இரும்பு எங்கே இறுகிக் கிடக்கிறதோ, எங்கே அடிபட்டிருக்கிறதோ அங்கே குந்திக்கொள்ளும். வெளியே துரு இருக்காது, வீக்கம் இருக்காது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துவிடும். அதனால்தான் கடினத்துக்கு ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு. அதைத் தாண்டிய இரும்பு, யார் வீட்டு இரும்பானாலும், ஆகாது.

"நீ இருபத்திரண்டுக்கு மேல, லூயி. உன்னையெல்லாம் எங்க பிளாண்ட்ல உள்ளயே உட மாட்டாங்க" என்பான் ஃபிரெட்ரிக்.

ஃபிரெட்ரிக் என் புருஷன். பட்டினப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். வளைகுடாவில் அப்படிப்பட்ட எரிவாயு ஆலை ஒன்றில் ஆபரேட்டர். இரண்டு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரே பாதையில் நடந்து குழாய்களையும் வால்வுகளையும் பார்த்து வருவது அவன் வேலை. எங்கள் ஆபீசில் பார்த்த சரக்கு ஒரு முறை அவன் ஆலைக்கே போய்விட்டது. தண்ணீர் ஓடும் லைனுக்கான குழாய்கள். அதில் என் முத்திரையைக் கண்டுபிடித்துவிட்டான். அன்றைக்கு அவன் போனில் கத்திய கத்தல், பக்கத்து அறைக்காரர்கள் குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த இடம் வந்தால் கையுறையைக் கழற்றி, என் வட்டத்தின் மேல் ஒரு நொடி கையை வைத்துவிட்டுப் போவான். சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கியிருக்கிறான். பைத்தியக்காரன் என்று நானும் திட்டுவேன். ஆனால் இங்கே ஆபீஸ் ஜன்னலில் டிராபிக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவன் இப்போது அந்த இடத்துக்கு வந்திருப்பான் என்று தோன்றும். உள்ளங்கை சூடாகும். நம்பினால் நம்புங்கள்.

அடுத்த முறை போன சரக்கு சோர் சர்வீஸ் குழாய்கள். அதற்குக் கூர்மையான பஞ்ச்சால், அதாவது முத்திரை உளியால், ஓங்கி அடிக்கக் கூடாது. கூர்முனை இறங்கிய இடம் இறுகும், காயமாகும், நான் சொன்ன அந்த வில்லன் வந்து குந்த அதுவே நாற்காலி ஆகிவிடும். அதனால் முனை மழுங்கிய புள்ளிப் பஞ்ச்சால் லேசாகத் தட்டி, புள்ளி புள்ளியாகத்தான் எழுதுவோம். கோலப்பொடி தூவிய மாதிரி இருக்கும். மேலே மூன்று பூச்சு பெயிண்ட் ஏறிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. யாருக்காவது வேண்டுமென்றால் பெயிண்டைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

இந்த முறை லீவில் வந்தவன், கடற்கரையில் மீன் கடைகளைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது குறைப்பட்டுக்கொண்டான். "புது லைன் முழுக்கத் தடவிப் பாத்துட்டேன் லூயி. உன் முத்திரை கீதா இல்லியான்னே தெரியல. மனசுக்கு ஒரு மாதிரியா பூட்ச்சி."

அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நானாவது வாய் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் கிண்டியில் கலீமுல்லா பாயின் பட்டறைக்குப் போனேன். அங்கே குழாய் வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் தருவார்கள். நேர்மையான பட்டறை. அங்கே அப்போது தயாராகிக்கொண்டிருந்ததும் ஃபிரெட்ரிக்கின் ஆலைக்குப் போகும் வளைவுக் குழாய்கள்தான், அவன் தினமும் நடக்கும் அதே பாதைக்கு. சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். தங்கம்! கந்தகம் கீழே, கடினம் வரம்புக்குள், எண்கள் எல்லாம் பொருந்தின. ஃபோர்மேன் இனாயத் பாய் குழாயை உருட்டிக் காட்ட, நான் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டே போனேன். ஐம்பது வயது மனிதர், தங்கமான குணம், டீ வாங்கி வந்தால் முதல் கிளாஸ் எனக்குத்தான். சும்மா பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன்: "என் வூட்டுக்காரரு, உங்க மாப்ள, நான் அடிக்கிற முத்திரை கைக்குத் தெரியலன்னு அழுவுறாரு பாய். போன வாட்டி லைன் முழுக்கத் தடவுனாராம்."

இனாயத் பாய் சிரிக்கவில்லை. "அவ்ளோ பாசமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். சரக்கு போகலாம் என்று நான் கையெழுத்துப் போட்டு ரிலீஸ் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பெயிண்ட் முடிந்ததும் பூச்சின் கனத்தை அளக்க ஒரு முறை வர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

பெயிண்ட் பார்க்கப் போன அந்தப் பிற்பகல் இன்னும் எனக்குக் கனவு போலத்தான் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். கம்ப்ரெசர் மட்டும் எங்கோ முனகிக்கொண்டிருந்தது. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக விழுந்து கிடந்தது. வெளிர் சாம்பல் நிறத்தில் குழாய்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன, மதியத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் மாதிரி. எனக்கும் கண் சொருகியது. அளக்கும் கருவியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையை அவற்றின் முதுகில் ஓட்டிக்கொண்டே நடந்தேன். வழவழவென்று இருந்தது. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. ஃபிரெட்ரிக் இப்படித்தான் நடப்பான், இப்படித்தான் தொடுவான் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே பாலைவனத்து வெயில், இங்கே கிண்டி வெயில், நடுவில் ஒரே குழாய். அவன் கை அந்த முனையில், என் கை இந்த முனையில்.

அப்போது கட்டை விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு வட்டம். உள்ளே ஒரு கோடு மேலிருந்து கீழே வந்து திரும்பியது. பக்கத்தில் ஒன்பது.

என்னவென்று சொல்வேன், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அவனுக்குக் கிடைத்துவிடும், இந்த முறை அவன் கைக்குக் கிடைத்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அத்தனை வருஷப் படிப்பும் அனுபவமும் எங்கேயோ போய், வெறும் பொண்டாட்டியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. மூன்று பூச்சுக்குக் கீழே இருக்கும் புள்ளி முத்திரை எப்படி விரலுக்குத் தெரியும்?

கத்தியால் பெயிண்டைச் சுரண்டினேன். என் புள்ளிகளின் மேலேயே, கூர்மையான பஞ்ச்சால், ஆழமாக, அழகாக, கோணாமல் அடித்திருந்தது. அதுவும் வளைவின் வெளிப்பக்கத்தில், இழுப்பு அதிகமாக இருக்கும் இடத்தில். அடுத்த குழாயிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"இனாயத் பாய்!" என்று நான் போட்ட சத்தத்தில் கம்ப்ரெசரே நின்றுவிட்டது.

ஓடி வந்தார். சுரண்டிய இடத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் பெருமைதான் முதலில் வந்தது. "தெரியுதா மேடம்? கண்ண மூடிக்கினு தடவுனாலும் தெரியும். நானே என் கையால அடிச்சேன். அங்க மாப்ள தேடிக்கினு நிக்கக் கூடாதுல்ல."

"யோவ், இது இன்னா குழாய்னு தெரியுமா உனக்கு? யாரக் கேட்டு அடிச்ச?"

"புள்ளியில அடிக்கச் சொன்னது உருட்டும்போது கைய கிய்ய நசுக்கிக்கக் கூடாதுன்னுதானே? லேசா அடிக்கிறது லேடீசுக்கு சுளுவுன்னு நெனச்சேன்…"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை காலமாக அவர் எதிரில் புள்ளி புள்ளியாகத் தட்டியிருக்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. இப்போது சொன்னேன். இந்தக் காயத்தில் என்ன வந்து குந்தும், பிறகு என்ன ஆகும், பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு என்ன ஆகும், எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப்போனது. குழாயைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, மாப்ள கைய வைக்கிற எடமாச்சே மேடம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் வடிந்து, பயம் வந்து உட்கார்ந்தது.

சத்தம் கேட்டு கலீமுல்லா பாய் வந்தார். விஷயத்தைக் கேட்டு இனாயத் பாயை அவர் திட்டிய திட்டு காதால் கேட்க முடியாதது. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "மேடம், காலையில லாரி வருது. கப்பல்ல எடம் போட்டாச்சு. சர்டிபிகேட் எல்லாம் கரெக்டா கீது. நீங்க ரிலீஸும் குடுத்துட்டீங்க. சுரண்டுன எடத்துல ரெண்டு பிரஷ் பெயிண்ட் போட்டா யாருக்குத் தெரியும்? எல்லாமே பொளந்துடுமா இன்னா? ஒண்ணுமே ஆவாமக் கூடப் போவலாம்ல?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஒன்றும் ஆகாமலே போகலாம். பத்து வருஷம் சும்மா கிடக்கலாம். சர்டிபிகேட் ஒவ்வொன்றும் உண்மை பேசியது. அந்த இரும்பு பிறந்தபோது நல்ல இரும்புதான். பிறந்த பிறகு வாங்கிய அடியை எந்தக் காகிதமும் எழுதி வைப்பதில்லை.

ஆபீசுக்கு வந்து மேனேஜர் ஸ்ரீனிவாசராகவன் சாரிடம் சொன்னேன். மயிலாப்பூர்க்காரர், அதிர்ந்து பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "ஆத்துல எல்லாரும் என்னை மறதிக்காரன்னு சொல்லிண்டிருக்கா, லூயிசா. நீ சொன்னது என் காதுல விழலேன்னு வச்சுக்கலாம். விழுந்துடுத்துன்னா நான் எழுதியே ஆகணும். வாங்கறவாளுக்குப் போகும். கொடுத்த ரிலீஸை வாபஸ் வாங்கினா உன் முத்திரையைப் பிடுங்கி வச்சுடுவா. திரும்பக் கொடுப்பாளோ மாட்டாளோ தெரியாது. அந்த ஃபோர்மேனுக்கு வேலை போகும். யோசிச்சு சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கதவைத் திறந்து வைக்கும்போதுதான் ஆபத்து. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். கதீட்ரல் சாலை வெயிலில் உருகிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லோரும் தலை ஆடத் தூங்கினார்கள். ஒவ்வொரு ஆளுக்குள்ளும் வெளியே தெரியாமல் ஏதோ மெல்ல நடந்துபோய், அடிபட்ட இடத்தைத் தேடிக் குந்துகிறது என்று தோன்றியது. சாந்தோம் சர்ச் கோபுரம் வந்ததும் கை தானாகச் சிலுவை போட்டது. என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. காதில் விழாமலே இருக்கட்டும் என்றுகூட வேண்டியிருப்பேன், யார் கண்டது. அந்த ஒன்பதை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டில் ஃபிரெட்ரிக் தூங்கிக்கொண்டிருந்தான். லீவில் வந்தாலும் உடம்பு ஆலை நேரத்திலேயே கிடக்கும், பகலில்தான் தூக்கம். கடல்காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் சுவரோரம் படுத்திருந்தான். வலது கை மட்டும் தூங்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் பதித்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் போகும், நிற்கும், திரும்பி வரும். கனவிலும் லைன் பார்க்கிறான். கனவிலும் தேடுகிறான்.

 கண்ணை மூடி நம்பிக்கையாக வைக்கிற அந்தக் கைக்குக் கீழே, என் பெயரை எழுதிய காயமா? அவன் கிடக்கட்டும், அவன் கூட ஷிப்டில் நடக்கிறவன்? அவனுக்கும் எங்கோ ஒருத்தி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவள் முத்திரை அடிக்கிறவள் இல்லை, அவளுக்குச் சொல்ல ஆளில்லை. அதில் என்ன நியாயம்?

பால்கனிக்குப் போய் சாருக்குப் போன் போட்டேன். "காதுல விழட்டும் சார்" என்றேன்.

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "விழுந்துடுத்தும்மா" என்றார்.

அடுத்த நாள் லாரி காலியாகத் திரும்பியது. கலீமுல்லா பாய் என்னிடம் பேசவில்லை. ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சொல்லிக்கொண்டே, எல்லாக் குழாய்களிலும் பெயிண்டை உரிக்கச் சொல்லிவிட்டார். கிரைண்டரை வேறு யார் கையிலும் கொடுக்க இனாயத் பாய் சம்மதிக்கவில்லை. தான் அடித்ததைத் தானே, கொஞ்சம் கொஞ்சமாக, சுவர் மெலிந்துவிடாமல் தேய்த்து எடுத்தார். எடுத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்தோம், கடினம் பார்த்தோம், கனம் அளந்தோம். தப்பித்தவை தப்பித்தன. இரண்டு குழாய்களில் காயம் ஆழமாக இருந்ததால் தேய்த்தால் சுவர் போதாது. அவற்றை வெட்டிப் போட்டுவிட்டு வேறு செய்தார்கள். இனாயத் பாயை வேலையை விட்டு அனுப்பினால் நானும் இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று கலீமுல்லா பாயிடம் சண்டை போட்டேன். "உங்க முத்திரையையே புடுங்கிக்கினாங்க, நீங்க வந்தா இன்னா வராட்டி இன்னா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனாலும் அவர் அனுப்பவில்லை.

என் முத்திரைப் பஞ்ச், சாரின் மேஜை டிராயரில் பூட்டிக் கிடந்தது. வாங்குகிறவர்கள் ஏதேதோ கேட்டார்கள், சார் பொறுமையாக எழுதிக்கொண்டே இருந்தார். குழாய்கள் அடுத்த கப்பலுக்குத் தயாரான அன்று அவர்களிடமிருந்து சம்மதம் வந்தது; சார் டிராயரைத் திறந்து, பஞ்ச்சை என் முன் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு போய், வளைவு இல்லாத நேர்ப் பகுதியில், மழுங்கிய முனையால், புள்ளி புள்ளியாகத் தட்டினேன். எறும்பு ஊர்ந்த தடம் அளவுக்குத்தான் இருக்கும். பக்கத்தில் இனாயத் பாய் மூச்சு விடாமல் நின்றார். பெயிண்ட் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு இருவரும் தடவிப் பார்த்தோம். ஒன்றும் தட்டுப்படவில்லை.

வெட்டிப் போட்ட குழாயிலிருந்து ஒரு வளையத்தை அறுத்து, விளிம்பைப் பளபளவென்று தேய்த்து, இனாயத் பாய் எனக்குக் கொடுத்தார். அவர் அடித்த முத்திரை அதில் அப்படியே ஆழமாக இருக்கிறது. ஃபிரெட்ரிக் அதற்குள் ஆலைக்குத் திரும்பிவிட்டான். நான் அவனிடம் எதையும் சொல்லவில்லை. போகிற ஆளிடம் எதைச் சொல்வது?

அந்தக் குழாய்கள் லைனில் ஏறி வாயு ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் போன் செய்தான். அந்த வளையத்தை வைத்திருக்கும் ஜன்னலில் கடலைப் பார்த்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"அந்த வளைவெல்லாம் மாட்டிட்டாங்க லூயி. உங்க ஆபீஸ் சரக்குதான், பேப்பர்ல உன் நம்பர் கீது. நானும் க்ளவுசைக் கழட்டிட்டு மேல கீழ எல்லாம் தடவிப் பாத்துட்டேன். ஒண்ணுமே தட்டுப்படல. நெஜமா அடிச்சியா இல்லியா?"

குரலில் அதே பாவம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

"அடிச்சேன்" என்றேன்.

"பின்ன ஏன் தெரியல?"

"தெரியக் கூடாதுன்னுதான் அப்பிடி அடிச்சேன். என் முத்திரைய தொடணும்னா வூட்டுக்கு வா, ஜன்னல்ல ஒண்ணு வச்சிருக்கேன், ஆசை தீரத் தடவு. அங்க இன்னிக்கு மாதிரியே ஒண்ணும் தட்டுப்படாம இருக்கட்டும். என்னிக்காவது உன் கைக்கு ஏதாவது தட்டுப்பட்டுச்சுன்னா, நான்தான்னு நெனச்சி நின்னுக்கினு இருக்காத ஃபிரெட்டி. கூட இருக்கிறவனையும் இஸ்துக்கினு ஓடிடு."

 பின்னால் ஆலை இரைந்துகொண்டிருந்தது.

"ஓடிடறேன்" என்றான்.